‘ஓகே சார்’ மட்டும் வரும் குரூப்: கல்லூரி ஆசிரியர்களின் கேள்விகளும் பதில்களும்

வகுப்பறைப் பாடத்தோடு வாட்ஸ்அப், டெலிகிராம், யூடியூப் என்று கைபேசியையும் சேர்த்துக்கொண்டு நடத்தும் கலப்புமுறைக் கற்பித்தல் பற்றி இந்த மாதம் நிறையக் கடிதங்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டோம். கல்லூரிப் பெயர்களை எடுத்துவிட்டோம்.

*

கேள்வி: இரண்டாம் ஆண்டு பி.காம். வகுப்புக்கு வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கிறேன். 64 பேர். நோட்ஸ் போட்டால் வரிசையாக ‘தேங்க்யூ மேம்’ வருகிறது. பாடத்தில் ஒரு கேள்வி கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. இந்தக் குரூப்பைக் கலைத்துவிடலாமா?
– உதவிப் பேராசிரியர், விருதுநகர் மாவட்டம்

பதில்: கலைக்க வேண்டாம். ஆனால் இப்போது அது ஒரு நோட்டீஸ் போர்டு. நோட்டீஸ் போர்டைப் பார்த்து யாரும் பதில் சொல்வதில்லையே!

மாணவர்கள் பேசாததற்குச் சோம்பல் காரணமில்லை. 64 பேர் பார்க்கத் தப்பாக எழுதி, அது ஸ்கிரீன்ஷாட்டாகி, ஸ்டிக்கராகச் சுற்றிவிடுமோ என்ற பயம் ஒன்று. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவர்களுக்கு ஆங்கிலத்தில் டைப் செய்யக் கூச்சம் இன்னொன்று. துறைத்தலைவரும் அதே குரூப்பில் இருந்தால் சொல்லவே வேண்டாம். எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம், அங்கே எழுதுவது கிணற்றில் போட்ட கல்லாகிவிடுவதுதான். முதல் நாள் இரவு ஒரு பெண் தயங்கித் தயங்கி ஒரு சந்தேகம் கேட்கிறாள். மறுநாள் வகுப்பில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. பாடம் விட்ட இடத்தில் தொடர்கிறது. அவள் இனிக் கேட்கமாட்டாள். பார்த்துக்கொண்டிருந்த மற்ற 63 பேரும் கேட்கமாட்டார்கள்.

இப்படி மாற்றுங்கள். இருக்கிற குரூப்பில் அட்மின் மட்டும் செய்தி அனுப்பும்படி செட்டிங்ஸில் மாற்றிவிடுங்கள். தேர்வுத் தேதி, நோட்ஸ், லிங்க் மட்டும் அதில் போகட்டும். துறைத்தலைவர் அங்கேயே இருக்கலாம். பிறகு 64 பேரையும் 8 பேர் கொண்ட 8 சிறு குரூப்களாகப் பிரியுங்கள். நண்பர்களாகச் சேர்ந்துகொள்ள விட்டால் ஒரு குரூப்பில் எல்லாரும் நன்றாகப் படிப்பவர்களாகவும் இன்னொன்றில் எல்லாரும் அரியர் வைத்திருப்பவர்களாகவும் அமைந்துவிடும். வருகைப் பதிவேட்டு வரிசையில் 1, 9, 17, 25 என்று எட்டு விட்டு எட்டு எடுத்தால் நன்றாகக் கலந்துவிடும், யாரும் குறை சொல்லவும் முடியாது.

ஒவ்வொரு சிறு குரூப்பிலும் வாரத்துக்கு ஒருவர் பொறுப்பு. நீங்கள் கேட்ட கேள்விக்கு 8 பேரும் தங்களுக்குள் பேசி, இரவு 8 மணிக்குள் அந்தப் பொறுப்பாளர் உங்களுக்கு ஒரே ஒரு செய்தி அனுப்ப வேண்டும்: தங்கள் விடை, தீராத ஒரு சந்தேகம். நீங்கள் படிக்க வேண்டியது 8 செய்திகள்தான். கால் மணி நேர வேலை. சிறு குரூப்களுக்குள் நீங்கள் எட்டிப்பார்க்காமல் இருப்பதே நல்லது. ஆசிரியர் இல்லாத வகுப்புக் குரூப் ஒன்று எப்படியும் மாணவர்களிடம் இருக்கும். உண்மையான பேச்செல்லாம் அங்கேதான் நடக்கிறது. அந்தப் பேச்சில் கொஞ்சத்தைப் பாடத்தின் பக்கம் திருப்பினால் போதும்.

மறுநாள் வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தில் அந்த 8 சந்தேகங்களில் இரண்டைப் பலகையில் எழுதுங்கள். ‘இது ஐந்தாம் குரூப் கேட்டது’ என்று சொல்லிவிட்டு விளக்குங்கள். தனி மாணவர் பெயர் வேண்டாம், குரூப் எண் போதும். இந்த ஐந்து நிமிடத்தை விட்டுவிட்டு வேறு எதைச் செய்தாலும் மூன்றாவது வாரம் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

மேலும் இரண்டு விஷயம். குரல் பதிவை அனுமதியுங்கள். எழுதக் கூசுபவர்கள் பேசிவிடுவார்கள். இரண்டு நிமிடக் குரல் பதிவு அரை எம்பிகூட வராது. தமிழ், ஆங்கிலம், தங்கிலீஷ் எதில் எழுதினாலும் சரி என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள், எழுத்துப்பிழையைத் திருத்தாதீர்கள். முதல் வாரக் கேள்வி யாரும் தப்பாகவே சொல்ல முடியாததாக இருக்கட்டும்: ‘உங்கள் தெருவில் உள்ள ஒரு கடையைப் பாருங்கள். வியாபாரம் கூடினால் கூடும் செலவு ஒன்று, கூடினாலும் குறைந்தாலும் மாறாத செலவு ஒன்று சொல்லுங்கள்.’ இணையவழி உரையாடல் வழியே கற்பது பற்றிக் கனடாவைச் சேர்ந்த கேரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் மூவரும் 2000இல் ஒரு சட்டகம் வகுத்தார்கள். அறிவுசார்ந்த பங்கேற்போடு சமூகப் பங்கேற்பையும் ஆசிரியரின் பங்கேற்பையும் அவர்கள் தனித்தனியாக எண்ணியது, இந்த ‘நானும் இங்கே இருக்கிறேன்’ என்ற உணர்வு தானாக வந்துவிடாது என்பதால்தான்.

*

கேள்வி: குரூப்பில் ‘போல்’ (வாக்கெடுப்பு) வைத்துப் பார்த்தேன். முதலில் ஒருவன் எதைத் தொடுகிறானோ அதையே எல்லாரும் தொடுகிறார்கள். 90 சதவீதம் பேர் சரி என்று வந்தது. இன்டர்னல் தேர்வில் அதே கணக்குக்குப் பாதிப் பேர் முட்டை. என்ன தவறு?
– கௌரவ விரிவுரையாளர், தேனி மாவட்டம்

பதில்: தவறு போலில் பாதி, கேள்வியில் பாதி.

வாட்ஸ்அப் போலில் யார் எதற்கு வாக்களித்தார்கள் என்பது குரூப்பில் எல்லாருக்கும் தெரியும். முதல் பெஞ்சு மாணவன் தொட்ட விடையை மற்றவர்களும் தொடுவார்கள். டெலிகிராமில் ‘குவிஸ் மோட்’ என்று ஒன்று உண்டு. பெயர் தெரியாமல் வாக்களிக்கலாம். தான் வாக்களித்த பிறகுதான் மற்றவர்கள் என்ன சொன்னார்கள் என்பது தெரியும். ஒருமுறை தொட்ட விடையை மாற்ற முடியாது. தவறாகத் தொட்டவருக்கு நீங்கள் முன்கூட்டியே எழுதி வைத்த ஒரு வரி விளக்கத்தையும் காட்டலாம். வாட்ஸ்அப்பை விட மனமில்லை என்றால் கூகுள் ஃபார்மில் ஒரே கேள்வியை வைத்து லிங்க் அனுப்புங்கள்.

அடுத்து கேள்வி. நான்கு விடைகளில் மூன்று வெறும் நிரப்பியாக இருந்தால் அந்தப் போல் உங்களுக்கு எதையும் சொல்லாது. ஒவ்வொரு தவறான விடையும் ஒரு குறிப்பிட்ட பிழையிலிருந்து பிறந்ததாக இருக்க வேண்டும். பிரேக் ஈவன் பாடத்துக்கு ஒரு கேள்வி:

ஒரு பொருளின் விற்பனை விலை ரூ.50. ஒரு பொருளுக்கு மாறும் செலவு ரூ.30. மொத்த நிலைச் செலவு ரூ.1,20,000. லாபமும் நஷ்டமும் இல்லாமல் இருக்க எத்தனை பொருள் விற்க வேண்டும்?
அ) 2,400 ஆ) 4,000 இ) 6,000 ஈ) 1,500

சரியான விடை 6,000. விலையிலிருந்து மாறும் செலவைக் கழித்தால் 20. 1,20,000-ஐ 20-ஆல் வகுக்க வேண்டும். 2,400 என்று தொட்டவர் நிலைச் செலவை விற்பனை விலையால் வகுத்திருக்கிறார். மாறும் செலவு என்ற ஒன்றையே மறந்துவிட்டார். 4,000 என்றவர் மாறும் செலவால் வகுத்தவர். சூத்திரத்தை மனப்பாடம் செய்து பாதியைத் தொலைத்தவர். 1,500 என்றவர் கழிப்பதற்குப் பதிலாகக் கூட்டி 80-ஆல் வகுத்திருக்கிறார். போல் முடிந்ததும் எத்தனை பேருக்குத் தெரியவில்லை என்பதோடு, எது தெரியவில்லை என்பதும் உங்கள் கையில் இருக்கும். மறுநாள் 2,400-க்கு 25 வாக்கு விழுந்திருந்தால், ‘ஒவ்வொரு பொருளையும் 50 ரூபாய்க்கு விற்கும்போது அதில் 30 ரூபாய் எங்கே போகிறது?’ என்று தொடங்கினாலே போதும்.

எத்தனை சதவீதம் பேர் சரியாகச் சொன்னார்கள் என்பதைப் பார்த்து வகுப்பை நடத்தும் முறை ஒன்று உண்டு. ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மஸூர் 1991 முதல் கையாண்டது. சரியாகச் சொன்னவர்கள் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே என்றால் பாடத்தைத் திரும்ப நடத்த வேண்டும். 70-க்கு மேலே என்றால் ஒரு நிமிடம் விளக்கிவிட்டு நகரலாம். இடையில் இருந்தால் நீங்கள் எதுவும் சொல்லாதீர்கள்: பக்கத்தில் வேறு விடை சொன்னவரைத் தேடி இரண்டு நிமிடம் வாதாடச் சொல்லுங்கள், அப்புறம் கையைத் தூக்கச் சொல்லி மறுபடி வாக்கெடுங்கள். முதல் வாக்கெடுப்பு முந்தைய இரவே கைபேசியில் முடிந்துவிடுவதால் வகுப்பு நேரம் முழுவதும் அந்த வாதத்துக்குக் கிடைக்கிறது. கலப்புமுறை என்று சொல்வதில் உண்மையான லாபம் இதுதான்.

போலுக்கு மார்க் போடாதீர்கள். போட்டால் அடுத்த வாரமே முதல் பெஞ்சிடமிருந்து விடை ஸ்கிரீன்ஷாட்டாகக் கிளம்பிவிடும்.

*

கேள்வி: 45 நிமிடப் பாடத்தை அப்படியே பதிவு செய்து யூடியூபில் போடுகிறேன். 58 மாணவர்கள், பார்வைகள் 11. அதில் என்னுடையது எத்தனையோ தெரியவில்லை.
– இயற்பியல் ஆசிரியர், கடலூர்

பதில்: எட்எக்ஸ் என்ற இணையவழிப் படிப்புத் தளத்தின் பாட வீடியோக்களை மாணவர்கள் பார்த்த 69 லட்சம் அமர்வுகளை அலசி 2014இல் ஓர் ஆய்வு வந்தது. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், நடுத்தர மாணவர் ஒரே மூச்சில் பார்ப்பது அதிகபட்சம் ஆறு நிமிடம்தான் என்பது அதில் கண்டது. தாமாக விரும்பிப் பதிவு செய்து படிக்க வந்தவர்களின் கதியே அது. உங்கள் 58 பேர் விரும்பியா வந்தார்கள்?

எனவே ஒரு வீடியோ, ஒரு கருத்து, ஆறு நிமிடம். மின்சுற்றுக்கான கிர்க்காஃப் விதி இரண்டையும் சேர்த்து எடுக்காதீர்கள். முதல் விதி ஒன்று, இரண்டாவது விதி இன்னொன்று, ஒரு சுற்றுக்கு விடை காண்பது மூன்றாவது.

ஸ்டுடியோ வேண்டாம். மேசையில் வெள்ளைத் தாள் ஒன்றைக் குறுக்குவாட்டில் ஒட்டுங்கள். இரண்டு பக்கமும் புத்தகங்களை ஓர் அடி உயரத்துக்கு அடுக்கி, குறுக்கே இரண்டு ஸ்கேல் வைத்து, நடுவில் கைபேசியைக் கேமரா கீழே பார்க்கும்படி வையுங்கள். வலது கையால் எழுதுபவர் என்றால் ஜன்னல் இடப்பக்கம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் கையின் நிழல் நீங்கள் எழுதுவதன் மேலேயே விழும். பால்பாயின்ட் பேனா சின்னத் திரையில் தெரியாது. கறுப்பு ஸ்கெட்ச் பேனா வேண்டும், ஒரு தாளில் எட்டு வரிக்கு மேல் வேண்டாம். பதிவுக்கு முன் திரையில் தாளின் நடுவில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் கை குறுக்கே வரும்போதெல்லாம் எழுத்து மங்கித் தெளியும், பார்ப்பவருக்குத் தலை சுற்றும். மின்விசிறியை அணையுங்கள். வயர் உள்ள இயர்போனின் மைக் காலரில் இருக்கட்டும். படம் கொஞ்சம் மங்கினாலும் மாணவர்கள் பார்ப்பார்கள், குரல் இரைந்தால் மூடிவிடுவார்கள்.

‘அனைவருக்கும் வணக்கம், இன்றைய வகுப்பில் நாம் காணவிருப்பது’ என்று தொடங்கினால் அரை நிமிடம் போச்சு. சுற்றை வரைந்து காட்டி, ‘இந்த 4 ஓம் மின்தடையில் எவ்வளவு மின்னோட்டம்?’ என்று கேட்டே தொடங்குங்கள். நாலாவது நிமிடத்தைப் பார்த்தவர்கள் மட்டும் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியை வீடியோவோடு சேர்த்து அனுப்புங்கள்.

எடுத்த வீடியோவை வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், அடிக்குறி எண்களெல்லாம் கரைந்து போகும். டாக்குமென்டாக அனுப்புங்கள், அல்லது யூடியூபில் ‘அன்லிஸ்டெட்’ என்று போட்டு லிங்க் கொடுங்கள். அன்லிஸ்டெட் என்றால் ரகசியம் என்று பொருளில்லை. தேடினால் கிடைக்காது, லிங்க் கிடைத்தவர் எல்லாரும் பார்க்கலாம், அவ்வளவுதான். பழைய நீள வீடியோக்களை என்ன செய்வது என்கிறீர்களா? விளக்கப் பகுதியில் நேரக்குறிகள் எழுதிவிடுங்கள். முதல் குறி 0:00 ஆக இருக்க வேண்டும், குறைந்தது மூன்று குறிகள் வேண்டும், ஒவ்வொரு பகுதியும் 10 வினாடிக்குக் குறையக் கூடாது. இவற்றில் ஒன்று தவறினாலும் அத்தியாயங்கள் தோன்றாது. தேர்வுக்கு முந்தைய இரவு மாணவர்கள் தேவையான பகுதிக்கு மட்டும் தாவிப் பார்ப்பார்கள், அதுவும் படிப்புதான்.

*

கேள்வி: ஒரு நாளைக்கு 1.5 ஜிபி டேட்டாவில் மாணவர்கள் வீடியோ பார்ப்பார்களா? சிலரிடம் சொந்தக் கைபேசியே இல்லை.
– முதுகலைத் தமிழ் ஆசிரியர், அரியலூர் மாவட்டம்

பதில்: கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். வினாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஓடும் ஆறு நிமிட வீடியோ 45 எம்பி. 480பி தரத்துக்கு ஏறக்குறைய இதுதான். 1.5 ஜிபியில் முப்பதில் ஒரு பங்கு. சிக்கல் அளவில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. இரவு 9 மணிக்கு லிங்க் போட்டால் அன்றைய டேட்டா ரீல்ஸிலும் கிரிக்கெட்டிலும் தீர்ந்திருக்கும். காலை 6.30-க்குப் போடுங்கள். நள்ளிரவில் புது டேட்டா வந்திருக்கும், டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் வரும் மாணவர் பார்க்க வாய்ப்பிருக்கிறது.

2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தமிழக அரசு 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு நாளுக்கு 2 ஜிபி இலவச டேட்டா அறிவித்தது. அப்போதும் தீராதது நீங்கள் சொல்லும் இரண்டாவது பிரச்சினைதான்: அண்ணனும் தங்கையும் ஒரே கைபேசி, அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விட்டால் மாலை வரை அதுவும் இல்லை. சிறு குரூப் பிரிக்கும்போது ஒவ்வொன்றிலும் கைபேசி வசதி குறைந்தவர் ஒருவருக்கு மேல் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீடியோ கோப்பை ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்குள் குயிக் ஷேர் வழியே அனுப்பினால் டேட்டாவே செலவாகாது. மதிய இடைவேளையில் முடிந்துவிடும். எந்தப் பணிக்கும் 48 மணி நேரத்துக்குக் குறையாமல் கெடு கொடுங்கள். யாரிடம் கைபேசி இல்லை என்று வகுப்பில் கை தூக்கச் சொல்லிக் கேட்காதீர்கள்; துண்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

*

கேள்வி: நான் மாணவி. எங்கள் டிபார்ட்மென்ட் குரூப்பில் மூன்று வருட மாணவர்களும் இருக்கிறார்கள். சேர்ந்த ஒரு வாரத்தில் தெரியாத எண்களிலிருந்து ‘ஹாய்’ வரத் தொடங்கிவிட்டது. வெளியேறினால் நோட்ஸ் கிடைக்காது.
– மதுரை

பதில்: வாட்ஸ்அப் குரூப்பில் உங்கள் எண் எல்லாருக்கும் தெரியும், அதை மறைக்கக் குரூப்புக்குள் வழியில்லை. தெரியாத எண்களை பிளாக் செய்யுங்கள், செய்வதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தொல்லை தொடர்ந்தால் கல்லூரியின் உள் புகார்க் குழுவிடம் அதைக் கொடுக்கலாம். வாயால் சொல்வதைவிட அது நிற்கும்.

மற்றது ஆசிரியர்கள் செய்ய வேண்டியது. வாட்ஸ்அப் கம்யூனிட்டியின் அறிவிப்புப் பகுதியில் உறுப்பினர் எண்கள் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது, அட்மின்களுக்குத் தெரியும். உள்ளே இருக்கும் துணைக் குரூப்பில் சேர்ந்தால் அங்கே இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும் என்பதால், துறை முழுவதற்குமான நோட்ஸ் அறிவிப்புப் பகுதியோடு நிற்கட்டும். டெலிகிராமில் பிரைவசி செட்டிங்ஸில் ‘என் எண்ணை யாரும் பார்க்க வேண்டாம்’ என்று வைக்க முடியும். அதற்குக் கீழேயே ‘என் எண்ணை வைத்து யார் என்னைக் கண்டுபிடிக்கலாம்’ என்று இன்னொரு வரி இருக்கிறது. பலரும் அதை மாற்ற மறந்துவிடுகிறார்கள். முதலாண்டில் சேர்பவர்களில் பலருக்கு 17 வயதுதான். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கணக்கில் 18 நிறையாதவர் குழந்தை. கேட்காமல் குரூப்பில் இழுத்துப் போடும் பழக்கத்தைக் கல்லூரிகள் விட வேண்டிய நேரம் வந்துவிட்டது.

*

கேள்வி: மாணவர்கள் எல்லாம் இன்ஸ்டாகிராமில்தான் இருக்கிறார்கள். நாமும் ரீல்ஸ் போட்டால் என்ன?
– ஆங்கிலத் துறை, நாமக்கல்

பதில்: போடலாம். ஆனால் அதைப் பாடம் என்று நம்பிவிடாதீர்கள். ரீல்ஸ் விரலால் தள்ளிவிட்டுப் போகும் இடம்; அங்கே நின்று யோசிக்க ஆள் இல்லை. இன்ஸ்டாகிராமில் பாடத்துக்கு உதவுவது வேறு இரண்டு: பல படங்களை அடுக்கிய பதிவு, ஸ்டோரியில் வைக்கும் கேள்விப் பெட்டி. ‘தேர்வில் அடிக்கடி வரும் ஒரே பிழை’ என்று ஆறு படங்களில் போட்டால் சேமித்து வைத்துக்கொள்வார்கள். கேள்விப் பெட்டியில் கேட்டவர் யார் என்பது உங்களுக்கு மட்டும் தெரியும். பெயர் இல்லாமல் பதிலோடு பகிரலாம். சொந்தக் கணக்கை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். குடும்பப் படமும் குறுந்தேர்வும் ஒரே இடத்தில் இருந்தால் இரண்டுக்கும் மரியாதை இல்லை.

*

கேள்வி: குரூப் பணிகளுக்கு இன்டர்னலில் 5 மார்க் ஒதுக்கியிருக்கிறோம். எல்லாரும் ஏஐ செயலியில் எடுத்ததை ஒட்டுகிறார்கள். ஒரே நடை, ஒரே வார்த்தை.
– வணிகவியல் துறைத்தலைவர், ஈரோடு

பதில்: ‘பிரேக் ஈவன் பகுப்பாய்வின் நன்மைகளை விளக்குக’ என்று கேட்டால் அப்படித்தான் வரும். அதே பாடத்தில் இப்படிக் கேளுங்கள்: ‘உங்கள் குரூப்பில் இரண்டு பேர் ஒரு டீக்கடைக்காரரிடம் பேசுங்கள். ஒரு டீக்கு பால், தூள், சர்க்கரை, கேஸ் என்ன ஆகிறது? வாடகை, கூலி, கரண்ட் மாதத்துக்கு எவ்வளவு? ஒரு நாளைக்கு எத்தனை டீ விற்றால் கட்டுப்படியாகும்? நோட்டில் கணக்குப் போட்டு, பதிவு எண் தெரியும்படி படம் எடுத்து அனுப்புங்கள்.’ எண்கள் அந்தக் கடையுடையவை. செயலிக்கு அவை தெரியாது. கணக்கைச் செயலி போட்டுக் கொடுத்தாலும் பரவாயில்லை. வகுப்பில் ஒருவரை எழுப்பி, ‘வேலையாள் கூலியை ஏன் நிலைச் செலவில் போட்டீர்கள்? கூட்டம் அதிகமான நாளில் இன்னொருவரை வைப்பாரே?’ என்று கேளுங்கள். போட்டவருக்குப் பதில் இருக்கும். ஒட்டியவர் பக்கத்து ஆளைப் பார்ப்பார்.

‘ஃபார்வர்டெட்’ என்ற குறியைப் பார்த்துக் காப்பியைக் கண்டுபிடிக்க நினைக்காதீர்கள். நகலெடுத்து ஒட்டினால் அந்தக் குறி வராது.

மார்க்கைப் பொறுத்தவரை, 12 வாரத்துக்கு 12 சிறு பணி கொடுத்து அதில் சிறந்த 8-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இணையவழிப் படிப்புத் திட்டமான என்பிடெல்லின் 12 வாரப் படிப்புகளில் இதே ஏற்பாடுதான். காய்ச்சல், கைபேசி ரிப்பேர், ஊர்த் திருவிழா எல்லாம் அந்த நான்கில் அடங்கிவிடும். ஒவ்வொருவரிடமும் காரணம் கேட்டு மல்லுக்கட்டத் தேவையில்லை. எத்தனை செய்தி போட்டார் என்று எண்ணி மட்டும் மார்க் தராதீர்கள். தந்தால் ‘சூப்பர்’, ‘நைஸ்’ என்று குரூப் நிரம்பிவிடும்.

*

கேள்வி: குரூப்பில் செலவழிக்கும் நேரத்தை யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சொல்லும் 40 சதவீத இணையவழிப் பகுதியில் காட்டலாமா?
– பெயர் வேண்டாம்

பதில்: கலப்புமுறை பற்றி யுஜிசி 2021 மே மாதம் வெளியிட்ட கருத்துருவில், ஒரு பாடத்தில் 40 சதவீதம் வரை இணையவழியிலும் மீதியை நேரிலும் நடத்தலாம் என்றது. மத்திய அரசின் இணையவழிப் படிப்புத் தளமான ஸ்வயத்தில் படிக்கும் படிப்புகளின் கிரெடிட்டுக்கு அதே ஆண்டு வந்த விதிமுறையின் 40 சதவீதம் வேறு: அது ஒரு செமஸ்டரில் எடுக்கும் பாடங்களின் எண்ணிக்கை பற்றியது. இரண்டையும் குழப்பிக்கொண்டு பல துறைகள் அறிக்கை எழுதுகின்றன.

வெறும் அரட்டைப் பதிவை வகுப்பு நேரமாகக் காட்ட முயலாதீர்கள். பாட நோக்கம், கொடுத்த உள்ளடக்கம், மாணவர் செய்தது, மதிப்பீடு என நான்கும் தேதியோடு ஓரிடத்தில் இருக்க வேண்டும். அதற்குப் பாடங்களை ஏற்றி நடத்தும் தளங்களான மூடிலோ கூகுள் கிளாஸ்ரூமோதான் ஏற்றது. வாட்ஸ்அப் அங்கே வரச் சொல்லிக் கூப்பிடும் மணி. உங்கள் பல்கலைக்கழகம் எதை ஏற்கும் என்பதைப் பாடக்குழுவிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

*

கேள்வி: குரூப்பில் ஒரு மாணவன் ஆபாசப் படம் போட்டுவிட்டான். அட்மின் நான். கேஸ் என் மேல் வருமா?
– உதவிப் பேராசிரியர், திருநெல்வேலி

பதில்: உறுப்பினர் போட்டதற்கு, அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக அட்மினைக் குற்றவாளியாக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில் சொன்னது, பம்பாய், கேரள உயர் நீதிமன்றங்களும் அதே கருத்தைச் சொல்லியிருக்கின்றன. நீங்களும் உடந்தை என்று காட்டினால் கதை வேறு. கண்டவுடன் அட்மின் உரிமையில் அதை எல்லாருக்கும் அழியுங்கள், ஆனால் அதற்கு முன் யார், எப்போது போட்டார் என்று குறித்துக்கொண்டு அன்றே எழுத்தில் கல்லூரிக்குத் தெரிவியுங்கள். படத்தை ‘ஆதாரத்துக்காக’ இன்னொருவருக்கு அனுப்பாதீர்கள். அது தனிக் குற்றம்.

*

கேள்வி: எங்கள் சார் இரவு 11 மணிக்குக் கேள்வி போடுகிறார். ‘பார்த்துவிட்டு ஏன் பதில் சொல்லவில்லை’ என்று காலையில் பெயர் சொல்லிக் கேட்கிறார். ப்ளூ டிக்கை அணைத்துவிட்டேன், அப்படியும் எப்படித் தெரிகிறது?
– மூன்றாம் ஆண்டு மாணவர், சேலம்

பதில்: குரூப்பில் ப்ளூ டிக்கை அணைக்க முடியாது. நீங்கள் அணைத்தது தனி அரட்டைகளுக்கு மட்டும்தான். குரூப் செய்தியை அழுத்திப் பிடித்து ‘இன்ஃபோ’ பார்த்தால் யார் யார் படித்தார்கள் என்ற பட்டியல் வந்துவிடும். வகுப்பு ரெப் மூலம் சாரிடம் ஒரு நேர வரம்பு கேளுங்கள். காலை 6.30 முதல் இரவு 8 வரை என்பது பல இடங்களில் ஒத்துவரும். சாருக்கு இரவில்தான் நேரம் கிடைக்கிறது என்றால், டெலிகிராமில் அனுப்பும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் ‘ஷெட்யூல்’ என்று வரும். அவர் 11 மணிக்கே எழுதி வைக்கலாம், உங்களுக்குக் காலையில் வந்து சேரும்.